"என்ன செய்யுது?" – டாக்டரம்மா பதில்கள்

சென்ற இதழில் தலைவலி பற்றி எழுதியிருந்தேன். அதற்கு வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் தலைவலியைப் பற்றியதே அல்ல. "டாக்டர் என்னைத் தொடவே இல்லை", "நெஞ்சைத் தட்டினார், எதற்கு?", "சம்பந்தமே இல்லாமல் என்ன வேலை பார்க்கிறேன் என்று கேட்டார்" என்று எல்லாம் டாக்டரின் அறைக்குள் நடப்பதைப் பற்றித்தான். சரி, இந்த முறை அதையே எடுத்துக்கொள்வோம். 31 வருஷம் அரசு ஆஸ்பத்திரிகளில் பொது மருத்துவம் பார்த்து ஓய்வுபெற்றவள் நான். இப்போது சாயங்காலம் மட்டும் வீட்டு முன்னறையில் நோயாளிகளைப் பார்க்கிறேன். பதிலுக்கு நடுவே பழைய கதைகள் எட்டிப் பார்க்கும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

மூன்று வாரமாக வயிறு சரியில்லை என்று ஒரு டாக்டரிடம் போனேன். நான் சொல்ல ஆரம்பித்த உடனேயே ஸ்கேன், ரத்தப் பரிசோதனை என்று எழுதிக் கொடுத்துவிட்டார். வயிற்றில் கையே வைக்கவில்லை. இப்போதெல்லாம் தொட்டுப் பார்ப்பது தேவையில்லையா?
– வாசகர், கரூர்

தேவைதான் சார். ஆனால் தொடுவதற்கு முன்னால் ஒன்று இருக்கிறது, அதுவும் உங்களுக்குக் கிடைக்கவில்லை. நீங்கள் சொல்லி முடிக்கவே இல்லை.

1975இல் இங்கிலாந்தில் ஒரு சோதனை செய்தார்கள். புதிதாக வந்த 80 வெளிநோயாளிகள். குடும்ப டாக்டர் கொடுத்தனுப்பிய கடிதத்தைப் படித்து, நோயாளியிடம் பேசிக் கேட்டதும், "இதுதான் நோய்" என்று டாக்டர் எழுதி வைத்துவிட வேண்டும். பிறகு உடம்பைப் பரிசோதித்து ஒரு தடவை, லேப் முடிவுகள் வந்ததும் ஒரு தடவை. கடைசியில் பார்த்தால் 66 பேருக்கு முதலில் எழுதியதே சரியாக இருந்தது. உடம்பைப் பார்த்ததால் 7 பேருக்கும், லேப் முடிவால் 7 பேருக்கும் முடிவு மாறியது. அன்றைக்கு சி.டி. ஸ்கேன் பரவலாக இல்லை என்பது உண்மைதான். ஆனாலும் எந்த ஸ்கேனை எதற்காக எடுக்க வேண்டும் என்பதை இன்றைக்கும் நோயாளியின் வாய்தான் சொல்கிறது.

1984இல் அமெரிக்காவில் இன்னொன்று. டாக்டர்கள் நோயாளிகளோடு பேசியதைப் பதிவுசெய்து கேட்டார்கள். நோயாளி சொல்ல ஆரம்பித்துச் சராசரியாக 18 நொடியில் டாக்டர் குறுக்கே புகுந்திருந்தார். நான் ஒன்றும் யோக்கியமில்லை. திங்கட்கிழமை ஓ.பி.யில் காலை எட்டிலிருந்து பன்னிரண்டுக்குள் நூறு பேருக்கு மேல் பார்த்திருக்கிறேன். என் 18 நொடியை யாரும் பதிவுசெய்யவில்லை என்பது என் அதிர்ஷ்டம்.

வயிற்றை எப்படிப் பார்க்க வேண்டும் என்று சொல்கிறேன், அடுத்த முறை போகும்போது உங்களுக்கே தெரியும். மல்லாக்கப் படுக்கவைத்து, முழங்காலை மடக்கச் சொல்ல வேண்டும். காலை நீட்டிக்கொண்டிருந்தால் வயிற்றுத் தசை பலகை மாதிரி இறுகிக்கொள்ளும், உள்ளே இருப்பது கைக்குத் தட்டுப்படாது. எங்கே வலிக்கிறது என்று முதலில் கேட்டுக்கொண்டு, அந்த இடத்தைக் கடைசியாகத்தான் தொட வேண்டும். அழுத்தும்போது டாக்டரின் கண் வயிற்றில் இருக்கக் கூடாது, உங்கள் முகத்தில் இருக்க வேண்டும். "வலிக்கலைம்மா" என்று சொல்கிறவரின் புருவம் சுருங்குவதை நான் எத்தனையோ தடவை பார்த்திருக்கிறேன். அப்புறம், டாக்டரின் கை சூடாக இருக்க வேண்டும். இதை நான் கற்றுக்கொண்டது குன்னூரில். ஒரு ஜனவரி காலையில் தேயிலைத் தோட்டத்துப் பாட்டி ஒருவர் என் கை பட்டதும் துள்ளி எழுந்து, "பனிக்கட்டிய வச்சி அமுக்குறியே தாயி!" என்றார். அன்றிலிருந்து யாரைத் தொடும் முன்னாலும் உள்ளங்கைகளைத் தேய்த்துக்கொள்கிறேன்.

எழுதிக் கொடுத்த பரிசோதனைகளைச் செய்துகொள்ளுங்கள், வேண்டாம் என்று சொல்லவில்லை. முடிவுகளோடு போகும்போது, "ஒரு தடவை படுக்கவைத்துப் பார்த்துவிடுங்களேன் டாக்டர்" என்று கேளுங்கள். கோபித்துக்கொண்டால் வேறு டாக்டரைப் பாருங்கள். எடை குறைகிறது, மலம் தார் மாதிரி கறுப்பாகப் போகிறது, வாந்தி நிற்கவில்லை என்றால் அதுவரைகூடக் காத்திருக்க வேண்டாம்.

நான் எம்.பி.பி.எஸ். மாணவன். வார்டுக்கு ஹிஸ்டரி எடுக்க, அதாவது நோயாளியிடம் நோயின் கதையைக் கேட்டு எழுதப் போனால் வார்த்தையே வரமாட்டேன் என்கிறது. புத்தகம் இங்கிலீஷில் இருக்கிறது, நோயாளி தமிழில் சொல்கிறார். "வலி எப்படிப்பட்டது?" என்று கேட்டால், "வலிதாங்க" என்கிறார்கள். என்ன செய்வது?
– மாணவர், திருநெல்வேலி

தம்பி, இந்தக் கடிதத்தைப் படித்ததும் எனக்குச் சிரிப்பு வந்தது. இதே மாதிரி நானும் ஒரு கட்டில் ஓரத்தில் நோட்டுப் புத்தகத்தோடு முழித்துக்கொண்டு நின்றிருக்கிறேன்.

புத்தகத்தில் இருக்கும் கேள்வியை மொழிபெயர்த்துக் கேட்காதீர்கள். "வலியின் தன்மை என்ன?" என்றால் யார் பதில் சொல்வார்கள்? நம் ஆட்களுக்கு வலியைச் சொல்ல வார்த்தை கொட்டிக் கிடக்கிறது. குத்துது, குடையுது, கடுக்குது, பிசையுது, இழுக்குது, எரியுது, விண்விண்ணுன்னு தெறிக்குது, சுருக்சுருக்குங்குது, பாரமா அழுத்துது. ஒவ்வொன்றும் வேறு வலி. கட்டி பழுத்திருந்தால் விண்விண் என்று தெறிக்கும். மூச்சை இழுக்கும்போது நெஞ்சின் ஒரு பக்கம் சுருக்கென்றால் நுரையீரலின் உறையை நினைக்க வேண்டும். சர்க்கரை நோயாளி ராத்திரியில் உள்ளங்கால் எரியுது, மதமதன்னு இருக்குது என்றால் நரம்பு. இரண்டு மூன்றை அடுக்கிக் கேளுங்கள். "குத்துதா, பிசையுதா, எரியுதா?" என்றால் அவரே நான்காவதாக ஒன்றைச் சொல்லி உங்களைத் திருத்துவார். அந்த நான்காவதை அப்படியே தமிழில் எழுதுங்கள். கேஸ் ஷீட்டில் முதல் வரி நோயாளியின் வார்த்தையில்தான் இருக்க வேண்டும், உங்கள் வார்த்தையில் அல்ல.

மாரடைப்பு வந்தவர்களில் நிறையப் பேர் "நெஞ்சுவலி" என்று சொல்வதே இல்லை. "வலியெல்லாம் இல்லம்மா, ஒரு மாதிரி பாரமா இருக்கு, வாயுன்னு நெனைக்கிறேன், சோடா குடிச்சேன்" என்பார்கள். சொல்லும்போது கையை முஷ்டியாக மடக்கி நடு நெஞ்சில் வைத்துக் காட்டுவார்கள். வாயை மட்டும் கேட்காமல் கையையும் பாருங்கள். "வாயு" என்ற சொல்லைக் கேட்டதும் பேனா அசிடிட்டி மாத்திரைக்குப் போகக் கூடாது. அப்படிச் சொன்ன ஆளுக்கு ஈ.சி.ஜி. எடுக்காமல் நான் யாரையும் வீட்டுக்கு அனுப்பியதில்லை.

அடுத்தது "மயக்கம்". இந்த ஒரு சொல்லை நம்பி மோசம் போகாதீர்கள். தலை சுற்றினாலும் மயக்கம், எழுந்து நின்றதும் கண் இருட்டினாலும் மயக்கம், நினைவு தப்பி விழுந்தாலும் மயக்கம், வெறும் அசதிக்கும் மயக்கம். "ரூம் சுத்துதா, இல்ல கண்ணு இருட்டிக்கிட்டு வருதா?" என்று பிரித்துக் கேளுங்கள். முதலாவது காதின் உட்பகுதிக்கு அழைத்துப் போகும். இரண்டாவது என்றால் படுக்கவைத்து ஒரு தடவை, நிற்கவைத்து மூன்று நிமிடத்துக்குள் ஒரு தடவை பிரஷர் பாருங்கள். மேல் அளவு 20 அல்லது கீழ் அளவு 10 இறங்கினால் காரணம் தேட வேண்டியதுதான். பல நேரம் காரணம் மாத்திரைப் பட்டியலிலேயே இருக்கும்.

எத்தனை நாளாக என்று கேட்டால் "ரொம்ப நாளா" என்பார்கள். "பொங்கலுக்கு முன்னாடியா, பின்னாடியா?" என்று கேளுங்கள். நாள் கணக்கு துல்லியமாக வந்து விழும். தொழிலைக் கேட்டால் "கூலி வேலை". அது பதில் அல்ல. என்ன கூலி? கல் உடைக்கிறாரா, சாயப்பட்டறையா, பஞ்சு மில்லா? விருதுநகர் பக்கத்து மில் தொழிலாளி ஒருவர், "திங்கட்கிழமை ஷிஃப்டுக்குப் போனா மூச்சு வாங்குது, புதன் வியாழன்ல பரவால்ல" என்றார். பஞ்சுத் தூசியால் வரும் நுரையீரல் நோயின் அடையாளமே அந்தத் திங்கட்கிழமைதான். கிழமையைக் கேட்காமல் இருந்தால் ஆஸ்துமா என்று எழுதியிருப்பேன். பெண்களிடம் விறகடுப்பா, கேஸா என்று கேளுங்கள். பீடியே பிடிக்காத பாட்டிக்கு பீடிக்காரரின் நுரையீரல் இருப்பதற்கு முப்பது வருஷப் புகை காரணமாக இருக்கலாம்.

குடிப்பழக்கத்தைப் பக்கத்தில் மனைவி நிற்கும்போது கேட்காதீர்கள். கேட்கும்போது "குடிப்பீங்களா?" என்றும் கேட்காதீர்கள். "எவ்வளவு, குவார்ட்டரா, கட்டிங்கா?" என்று சாதாரணமாகக் கேட்டால் அவரும் சாதாரணமாகச் சொல்வார். சொன்னதும் முகத்தைச் சுளிக்காமல் எழுதிக்கொள்ளுங்கள்.

மாதவிலக்கைப் பற்றிக் கேட்கத்தான் மாணவர்கள் அதிகம் தடுமாறுவார்கள். என்னிடம் படித்த ஒரு பையன், யாரோ சொல்லிக் கொடுத்தபடி, "கடைசியா எப்ப தலைக்குக் குளிச்சீங்க?" என்று ஒரு அம்மாவிடம் கேட்டான். "வெள்ளிக்கெழம" என்றார். வாரா வாரமா என்றான். "ஆமா தம்பி, எண்ணெய் தேச்சு." அந்தப் பையன் மாதவிடாய் சுழற்சி ஏழு நாள் என்று கேஸ் ஷீட்டில் எழுதி, ரவுண்ட்ஸில் சத்தமாகப் படிக்கவும் செய்தான். "பீரியட்ஸ்" என்றால் இன்றைக்குக் கிராமத்திலும் புரிகிறது. சுற்றி வளைக்காமல் கேட்டுவிடலாம்.

இன்னும் ஒன்று. உட்கார்ந்து கேளுங்கள். ஸ்டூல் இல்லையென்றால் வார்டு ஆயாவிடம் கேளுங்கள், எங்கிருந்தாவது கொண்டுவந்து தருவார்.

என் மாமியாரை அழைத்துப் போனபோது டாக்டர் கண்ணைக் கீழே இழுத்துப் பார்த்தார், நாக்கை நீட்டச் சொன்னார், நகத்தைப் பார்த்தார், காலை அழுத்தினார். வந்தது இருமலுக்கு! எதற்கு இதெல்லாம்?
– வாசகி, காரைக்குடி

நல்ல டாக்டரிடம் போயிருக்கிறீர்கள். எந்த நோய்க்கு வந்தாலும் தலையிலிருந்து கால்வரை ஒரு தடவை கண்ணை ஓட்டுவது எங்களுக்குப் பால பாடம்.

கீழிமையை இழுத்தால் உள்பக்கம் சிவப்பாக இருக்க வேண்டும். வெளிறியிருந்தால் ரத்தசோகை. அப்புறம் வெள்ளை விழியில் மஞ்சள் தெரிகிறதா என்று பார்ப்போம். அதை ஜன்னல் வெளிச்சத்தில்தான் பார்க்க வேண்டும், மஞ்சள் பல்பின் கீழே எல்லாருக்கும் காமாலைதான்! நம் ஊரில் இன்னொரு தொல்லை, மஞ்சள் பூசிக் குளித்த முகம். கேரட்டும் பப்பாளியும் அளவுக்கு மீறிச் சாப்பிட்டாலும் உள்ளங்கை மஞ்சளாகும். ஆனால் இவை எதுவும் விழியைத் தொடாது. விழி மஞ்சளாக இருந்தால் அது உள்ளேயிருந்து வந்த மஞ்சள்.

நகம் கரண்டி மாதிரிக் குழிந்திருந்தால் இரும்புச்சத்துக் குறைவு. மருதாணி வைத்திருந்தால் நகத்தின் நிறம் தெரியாது, அதற்காகத்தான் நாக்கும் இமையும். இருமலோடு வந்தவரின் விரல் நுனி உருண்டு தடித்திருக்கிறதா என்று அவசியம் பார்ப்போம். இதை நீங்களே வீட்டில் பார்க்கலாம். இரண்டு கைகளிலும் ஒரே விரலை எடுத்து, நகத்தோடு நகம் ஒட்டவைத்துப் பாருங்கள், நடுவில் சின்ன வைர வடிவ இடைவெளி தெரியும். விரல் தடித்தவர்களுக்கு அது அடைபட்டுப்போகும். ஷாம்ராத் என்ற தென்னாப்பிரிக்க இதய மருத்துவர், தனக்கே இதயத்தில் தொற்று வந்தபோது தன் விரலில் பார்த்துக் கண்டுபிடித்தது இது. நுரையீரலில் நாள்பட்ட சீழோ புற்றுநோயோ இருந்தாலும் விரல் இப்படி ஆகலாம். இருமலுக்கும் நகத்துக்கும் சம்பந்தம் இப்போது புரிந்ததா?

காலை அழுத்தியது நீர் கோத்திருக்கிறதா என்று பார்க்க. முன்னங்கால் எலும்பின் மேல் சில நொடிகள் கட்டைவிரலால் அழுத்தி எடுத்தால் பள்ளம் அப்படியே நிற்கும். கொலுசுத் தடம் ஆழமாகப் பதிந்திருந்தாலே எனக்குச் சந்தேகம் வந்துவிடும். அது இதயமாகவும் இருக்கலாம், சிறுநீரகமாகவும் இருக்கலாம், சில பிரஷர் மாத்திரையாகவும் இருக்கலாம். இதயம் என்றால் படுத்ததும் இருமல் அதிகமாகும், அதையும் கேட்டிருப்பாரே!

முதுகில் ஒரு விரலை வைத்து இன்னொரு விரலால் தட்டிப் பார்க்கிறார்களே, அதில் என்ன தெரிகிறது?
– வாசகர், மானாமதுரை

மானாமதுரைக்காரர் கேட்கிற கேள்வியா இது? உங்கள் ஊர்ப் பானையைத் தட்டிப் பார்க்காமல் யாராவது வாங்குவார்களா? கணீரென்றால் நல்ல பானை, சத்தம் அடங்கினால் விரிசல். அதேதான்.

1761இல் வியன்னாவில் ஆவன்பிருக்கர் என்ற டாக்டர் இதை எழுதினார். அவருடைய அப்பா கிராட்ஸ் நகரத்தில் விடுதி நடத்தியவர். பீப்பாயில் மது எந்த மட்டம் வரை இருக்கிறது என்பதைத் தட்டிப் பார்த்துச் சொல்வது அந்தத் தொழிலில் வழக்கம், பையனுக்கு யோசனை அங்கிருந்துதான் வந்தது என்பார்கள். நாற்பது வருஷத்துக்கு மேல் பெரிதாக யாரும் சட்டை செய்யவில்லை. நெப்போலியனின் டாக்டர் கோர்விசார் 1808இல் பிரெஞ்சில் மொழிபெயர்த்த பிறகுதான் பரவியது. தன் பெயரில் போட்டுக்கொண்டிருக்கலாம், செய்யவில்லை. அந்த நேர்மைக்காகவே எனக்கு கோர்விசாரைப் பிடிக்கும்.

காற்று நிறைந்த நுரையீரலில் தட்டினால் கணகணவென்று அதிரும். கல்லீரலுக்கு மேல் மொத்தென்றிருக்கும். நுரையீரலைச் சுற்றி நீர் சேர்ந்திருந்தால் சுவரைத் தட்டியது மாதிரி செத்த ஒலி. காதுக்குத் தெரியும் முன்னே கீழே இருக்கும் விரலுக்கே அது தெரிந்துவிடும். ஹாஸ்டலில் நாங்கள் மேசை, சுவர், மர அலமாரி என்று கண்டதையெல்லாம் தட்டிப் பழகுவோம். பக்கத்து அறைக்காரி சண்டைக்கு வந்துவிட்டாள்.

எனக்கு டாக்டர் முன்னால் உடையைத் தளர்த்த மிகவும் கூச்சம். துணிக்கு மேலேயே பார்த்தால் போதாதா? ஆண் டாக்டராக இருந்தால் என்ன செய்வது?
– வாசகி, ஆரணி

கூச்சம் எல்லாருக்கும் இருப்பதுதான் அம்மா. முதலில் உங்கள் பக்கத்து நியாயத்தைச் சொல்லிவிடுகிறேன். எதைப் பார்க்கப் போகிறேன், எதற்கு என்று டாக்டர் முன்கூட்டியே சொல்ல வேண்டும். திரை இருக்க வேண்டும். பார்க்கும் இடம் மட்டும் திறந்திருந்தால் போதும், மற்ற இடம் மூடியே இருக்க வேண்டும். ஆண் டாக்டர் என்றால் பெண் நர்ஸோ பெண் உதவியாளரோ கூட நிற்க வேண்டும். உங்கள் வீட்டுப் பெண் ஒருவரையும் வைத்துக்கொள்ளலாம். இதைக் கேட்பது மரியாதைக் குறைவு இல்லை. வேண்டாம் என்று சொல்லவும் உங்களுக்கு உரிமை உண்டு.

ஆனால் துணிக்கு மேல் பார்த்தால் போதுமா என்றால், போதாது. நான் செய்த தப்பையே சொல்கிறேன்.

மழை முடிந்த மார்கழி மாதம். முப்பத்தெட்டு வயது அம்மா, ஏழு நாள் காய்ச்சல், மண்டையைப் பிளக்கும் தலைவலி. டெங்கு இல்லை, மலேரியா இல்லை. கதையெல்லாம் நன்றாகத்தான் கேட்டேன். இரண்டு மாடு வைத்திருக்கிறார், தினமும் வரப்பில் புல் அறுக்கிறார் என்பதுவரை எழுதியிருந்தேன். ஸ்டெதாஸ்கோப் வைத்தேன், வயிறு பார்த்தேன், எல்லாம் சேலையை லேசாக விலக்கி. வார்டு நிரம்பி வழிந்தது, திரை கிழிந்திருந்தது, அவருக்கும் கூச்சம், எனக்கும் அவசரம். வார்டில் சேர்ந்த மூன்றாம் நாள் மூச்சு வாங்க ஆரம்பித்தது. அன்று காலை அவருக்குத் துணி மாற்றிவிட்ட ஸ்டாஃப் நர்ஸ் வந்து, "மேடம், பாவாடை நாடா கட்டுற எடத்துல ஒரு கறுப்புப் பொருக்கு இருக்கு, பார்த்தீங்களா?" என்றார்.

பார்க்கவில்லை. சிகரெட்டால் சுட்டது மாதிரி, நடுவில் கறுப்பு, சுற்றிலும் சிவப்பு வளையம். அவ்வளவுதான், நோய் தெரிந்துவிட்டது. ஸ்க்ரப் டைபஸ், நம் பத்திரிகைகள் உண்ணிக் காய்ச்சல் என்று எழுதுவது. புல், புதரில் இருக்கும் கண்ணுக்குச் சட்டென்று தெரியாத பூச்சி ஒன்றின் இளம்புழு கடிப்பதால் வருவது. துணி இறுக்கும் இடங்களில், அக்குளில், தொடை இடுக்கில், மார்பின் அடியில் கடிக்கும். வலிக்காது, பெரும்பாலும் அரிக்காது. அதனால் நோயாளி அதைச் சொல்லவே மாட்டார். நாம்தான் தேட வேண்டும். டாக்ஸிசைக்ளின் என்ற கிருமிக்கொல்லி மருந்தைக் கொடுத்ததும் இரண்டு நாளில் காய்ச்சல் விட்டது. பிழைத்தார், வீட்டுக்குப் போகும்போது எனக்கு ஒரு சொம்பு பால்கூடக் கொண்டுவந்து கொடுத்தார். நான் அந்தப் பாலை நர்ஸுக்குக் கொடுத்துவிட்டேன்.

ஆகையால், விடாத காய்ச்சலோடு போகும்போது டாக்டர் அக்குளையும் இடுப்பையும் பார்க்க வேண்டும் என்றால் தயவுசெய்து விடுங்கள். இல்லையென்றால் வீட்டில் உங்கள் அக்காவையோ மகளையோ பார்க்கச் சொல்லி, இருப்பதை டாக்டரிடம் வாயால் சொல்லுங்கள். அதுவும் போதும்.

கிளினிக்கில் பிரஷர் 160. வீட்டு மெஷினில் 130. எது பொய்?
– வாசகர், ஆம்பூர்

இரண்டும் உண்மையாக இருக்கலாம். கிளினிக்கில் எப்படி எடுத்தார்கள்? மாடிப்படி ஏறி வந்து உட்கார்ந்த உடனே, பேசிக்கொண்டே, முழுக்கைச் சட்டையைச் சுருட்டி மேலே ஏற்றிவிட்டு எடுத்திருந்தால் அந்த 160ஐ நான் நம்ப மாட்டேன். ஐந்து நிமிடம் சும்மா உட்கார வேண்டும். முதுகு சாய்ந்திருக்க வேண்டும், கால் மேல் கால் போடக் கூடாது, கை மேசையில் நெஞ்சு மட்டத்தில் இருக்க வேண்டும். அரைமணி நேரத்துக்குள் டீ, காபி, பீடி, சிகரெட் கூடாது. சிறுநீரை அடக்கிக்கொண்டு எடுக்கக் கூடாது. எடுக்கும்போது டாக்டர் கேள்வி கேட்டால்கூடப் பதில் சொல்லாதீர்கள்! பருமனான கைக்குச் சின்னப் பட்டையைச் சுற்றினால் அளவு கூடித்தான் காட்டும். ஒரு நிமிடம் விட்டு இரண்டாவது தடவை எடுக்க வேண்டும்.

வெள்ளைக் கோட்டைப் பார்த்தாலே பிரஷர் ஏறுகிறவர்களும் உண்டு. ஒரு வாரம் காலையும் மாலையும் வீட்டில் எடுத்து எழுதிக்கொண்டு போய் உங்கள் டாக்டரிடம் காட்டுங்கள். வீட்டுச் சராசரி 135/85க்கு மேல் போனால்தான் உயர் ரத்த அழுத்தம் என்று கொள்வது வழக்கம். உங்கள் மெஷினையும் ஒரு தடவை எடுத்துப் போய், அங்கே எடுப்பதோடு ஒப்பிட்டுப் பாருங்கள். மாத்திரை ஏற்கெனவே சாப்பிடுகிறீர்கள் என்றால் நீங்களாக நிறுத்த வேண்டாம்.

நாடி பிடித்தே எல்லா நோயையும் சொல்லிவிட முடியுமா?
– வாசகர், பழநி

முடியாது. சித்த மருத்துவத்திலேயே நாடியோடு நிறுத்தவில்லையே! நாடி, ஸ்பரிசம், நா, நிறம், மொழி, விழி, மலம், மூத்திரம் என்று எட்டையும் பார்க்கச் சொல்கிறார்கள்.

நாங்கள் நாடியில் பார்ப்பது வேகம், சீர், பலம். பெரியவர்களுக்கு நிமிடத்துக்கு 60 முதல் 100. தாளம் தப்பித் தப்பித் துடித்தால் இதயத்தின் மேலறை சரியாகச் சுருங்காமல் நடுங்கிக்கொண்டிருக்கலாம். அதில் ரத்தம் உறைந்து மூளைக்குப் போனால் பக்கவாதம். இதை மூன்று விரலால் கண்டுபிடித்து, ஈ.சி.ஜி.யில் உறுதி செய்துகொள்ளலாம். ஒரு தொழில் ரகசியம் சொல்கிறேன். டாக்டர் நாடியைப் பிடித்தபடி ரொம்ப நேரம் இருந்தால், அவர் எண்ணுவது உங்கள் மூச்சையாக இருக்கும். மூச்சை எண்ணப்போகிறேன் என்று சொன்னால் யாருக்கும் இயல்பாக வராது, அதனால்தான் இந்தத் தந்திரம்.

டாக்டரிடம் போகும்போது என்னென்ன கொண்டுபோக வேண்டும்?
– வாசகி, சிதம்பரம்

சாப்பிடுகிற எல்லா மாத்திரைகளையும் அட்டையோடு ஒரு பையில் போட்டு எடுத்துப் போங்கள். "சின்ன வெள்ளை மாத்திரை, காலையில பாதி" என்று சொன்னால் எந்த டாக்டருக்கும் தெரியாது. மூட்டுவலிக்கு மெடிக்கலில் நீங்களாக வாங்கிப் போட்டது, லேகியம், கஷாயப் பொடி, பக்கத்து வீட்டம்மா கொடுத்த சர்க்கரைச் சூரணம் எல்லாம் கணக்கில் உண்டு. வலி மாத்திரையை வருஷக்கணக்கில் விழுங்கியதை மறைத்து, சிறுநீரகம் கெட்ட பிறகு சொன்னவர்கள் நிறைய. எந்த மருந்தாவது ஒத்துக்கொள்ளாமல் தடித்திருந்தால் அதன் பெயரைச் சீட்டில் எழுதிப் பர்ஸில் வைத்துக்கொள்ளுங்கள். முக்கியமாகச் சொல்ல வேண்டியதை முதலில் சொல்லுங்கள். எழுந்து கதவுவரை போய்விட்டு, "அப்புறம் டாக்டர், மலத்துல ரத்தம் வருது" என்று சொல்கிறவர்களை வாரத்துக்கு ஒருவராவது பார்க்கிறேன்.

ஸ்டெதாஸ்கோப்பில் என்ன கேட்கும்? எனக்கு ஒன்று வாங்கித் தரச் சொன்னால் அப்பா திட்டுகிறார்.
– ஏழாம் வகுப்பு மாணவன், தென்காசி

அப்பாவைத் தொந்தரவு செய்யாதே கண்ணா, நீயே ஒன்று செய்யலாம். 1816இல் பாரிஸில் லென்னக் என்ற டாக்டரிடம் ஒரு பெண் நோயாளி வந்தார். நெஞ்சில் காதை வைத்துக் கேட்க டாக்டருக்குக் கூச்சம். காகிதத்தைக் கற்றையாக எடுத்து இறுக்கிச் சுருட்டி, ஒரு முனையை அவர் நெஞ்சிலும் மறுமுனையைத் தன் காதிலும் வைத்தார். காதை நேராக வைப்பதைவிடத் தெளிவாகக் கேட்டது. அப்புறம் அதையே மரத்தில் கடைந்துகொண்டார். முதல் ஸ்டெதாஸ்கோப் அதுதான்.

பழைய நோட்டு அட்டையைச் சுருட்டி ரப்பர் பேண்டு போட்டுக்கொள். தாத்தாவைச் சட்டையைக் கழற்றி உட்காரச் சொல். இடது மார்புக் காம்புக்குக் கொஞ்சம் கீழே ஒரு முனையை வைத்து, மறுமுனையைக் காதில் வை. லப்-டப் என்று இரண்டு சத்தம் மாறி மாறி வரும். இதயத்தின் கதவுகள் மூடும் சத்தம் அது. முதுகில் வைத்து மூச்சை இழுத்துவிடச் சொன்னால், இலையில் காற்று போவது மாதிரி மெதுவாக ஒன்று கேட்கும். முதலில் ஃபேனை நிறுத்திவிடு. தாத்தா பேசக் கூடாது, சிரிக்கவும் கூடாது. எங்கள் வீட்டில் என் தாத்தா சிரித்ததால் எனக்கு முதல் தடவை ஒன்றுமே கேட்கவில்லை.